கருட சேவை லீவுக்கு ஒரு சீட்டாட்டம்

பட்டுப்புடவைக் கடையில் விற்பனையாளனாக உட்கார்ந்தால் முட்டி வலிக்கும் என்பார்கள். எனக்கு முட்டியைவிட அதிகம் வலிப்பது மண்டைதான். எதிரே இருப்பவர் நிஜம் சொல்கிறாரா, சும்மா மிரட்டுகிறாரா என்று யோசித்து யோசித்தே ஐம்பது தாண்டிவிட்டது. உங்களில் யாராவது கடையில் உட்கார்ந்து வியாபாரம் பார்ப்பவராக இருந்தால் என் கஷ்டம் புரியும்.

செருப்பு மாட்டிய அம்மா

வாலாஜாபாத்திலிருந்து ஓர் அம்மா வந்திருந்தார். அரக்குக் கரை போட்ட மாம்பழக் கலர் புடவை அவருக்குப் பிடித்துவிட்டது என்று முகமே சொன்னது. ஆனாலும் எழுந்தார். எதிர்க்கடையில் இதே புடவை மலிவாம். செருப்பையும் மாட்டிவிட்டார். போகட்டும் என்று விடுவதா, கூப்பிட்டு விலையைக் குறைப்பதா? பயந்துபோய்க் கூப்பிட்டேன், முதலாளியிடம் பேசி விலையும் குறைத்தேன். பை கைக்கு வந்த பிறகு அந்த அம்மா சிரித்தார். “எதிர்க்கடை இன்னிக்கு லீவுபா. நீ பாக்கலியா?”

குடைக்காக வந்தவர்

அடுத்த முறை உஷாராக இருந்தேன். கூரத்திலிருந்து வந்த குடும்பம் ஒன்று கல்யாணப் புடவைகளைப் பார்த்துவிட்டு, அதே வசனத்தைச் சொல்லி எழுந்தது. நான் வாசல் பக்கம் திரும்பவே இல்லை. விரித்த புடவைகளை மடித்துக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரத்தில் பெண்ணின் அப்பா திரும்பி வந்தார். ஜெயித்துவிட்டோம் என்று நினைத்தேன். அவர் கையில் எதிர்க்கடைப் பை. மறந்துபோன குடையை எடுக்க வந்திருக்கிறார். “ஒரு வார்த்த கூப்ட்டிருந்தா உக்காந்திருப்போம் சார். நீங்க கொடிமரமாட்டம் இருந்துக்கினீங்க.”

மார்கழி ஆட்டம்

மார்கழியில் கல்யாணம் கிடையாது. கடையில் ஈ ஆடாது. போன மார்கழியில் சின்ன முதலாளி எங்களுக்குப் போக்கர் கற்றுக்கொடுத்தார். கையில் ஒன்றுமில்லாமலே எல்லாம் இருப்பதுபோல் எதிராளியை மிரட்டலாமாம். அதில் எங்களுக்குப் புதிதாக எதுவும் இல்லை. காசு கூடாது, சட்டைப் பொத்தான்தான் பந்தயம். ஜெயிப்பவருக்கு வைகாசியில் கருட சேவை அன்று லீவு. ஊரே தெருவில் நிற்கும் அந்த நாளில் எங்கள் கடையில் யாருக்கும் லீவு கிடைத்ததில்லை. கல்யாணமானதிலிருந்து என் மனைவி சரோஜா தனியாகத்தான் போய், கருடன் மேல் வரும் வரதரைப் பார்த்துவிட்டு வருகிறாள்.

கடைசியில் நானும் ஏகாம்பரமும் மட்டும் மிஞ்சினோம். பிள்ளையார்பாளையத்துக்காரன், பல வருடமாக எனக்குப் பக்கத்து மெத்தையில் உட்கார்ந்து புடவை விற்பவன். ‘கடைசி பீஸ்மா’ என்று பொய் சொல்லும்போதெல்லாம் அவன் விரல் புடவை ஓரத்தைத் தடவும். அது எனக்கு மட்டும் தெரியும். என் கையில் இரண்டு ராஜா. அவன் தன் பொத்தான் முழுவதையும் நடுவே தள்ளினான். விலகினால் இன்னும் கொஞ்சம் ஆடிப் பார்க்கலாம். ஏற்றுக்கொண்டால் என்னுடையதையெல்லாம் வைக்க வேண்டும். தோற்றால் லீவு அவனுக்கு. விரலைப் பார்த்தேன். மெத்தை விரிப்பின் ஓரத்தைத் தடவிக்கொண்டிருந்தது. எனக்குத் தெரியும் என்பது அவனுக்கும் தெரியுமோ? வாலாஜாபாத் அம்மா ஒரு காதிலும் கூரத்துக்காரர் மறு காதிலும் பேசினார்கள். எனக்கு வைத்த டீ ஆடை கட்டியது. பொத்தானைத் தள்ளினேன்.

அவனிடம் மூன்று ஏழு. இரண்டு ராஜாவைவிட அது பெரிது. அப்புறம் ஏன் தடவினாய் என்று கேட்டேன். “விரிப்புல நூல் பிரிஞ்சிருந்துச்சுபா. நெய்யற வூட்டுல பொறந்தவனுக்குக் கை சும்மா இருக்குமா?”

கருட சேவை அன்று

ஏகாம்பரம் லீவில் போனான். சரோஜா சாமி பார்த்துவிட்டு நேராகக் கடைக்கு வந்தாள். என்னைத் தெரியாதவள்போல எதிரே உட்கார்ந்து, வரிசையாகப் புடவைகளை விரிக்கச் சொன்னாள். எதுவும் பிடிக்கவில்லை என்று எழுந்து செருப்பை மாட்டினாள். “எதிர்க்கடையில பாத்துக்கிறேன் சார். கூப்புடணும்னா கூப்புடுங்க. நீங்க யோசிச்சிக்கினு இருந்தா நான் போய்க்கினே இருப்பேன்.”

இத்தனை வருட வேலையில் யோசிக்காமல் நான் கூப்பிட்ட ஒரே வாடிக்கையாளர் அவள்தான். அவளோ திரும்பிக்கூடப் பார்க்காமல் எதிர்க்கடைப் படியேறிவிட்டாள்.