அளந்தாச்சா என்று கேட்டவர்

மண்டி மொஹல்லா அச்சகத்துக்கு அன்று காலை நான் சினத்தோடுதான் போனேன். பேராசிரியர் வரதனும் நானும் சேர்ந்து எழுதிய கருந்துளை நூலின் கடைசிப் பக்கத்தை அவர் நான்காம் முறையாகத் திருப்பியனுப்பியிருந்தார். "இனி அவரைக் கேட்க வேண்டாம், அச்சேற்றுங்கள்" என்றேன். அச்சகத்தார் கண்ணாடியைக் கழற்றினார். "இனிமே கேக்கவும் முடியாது சாமி. விடிகாலைல போயிட்டாராம். வீட்டம்மா இப்பத்தான் போன் பண்ணாங்க."

இந்த அஞ்சலியைப் படிக்கும், அவரை அறிந்த நீங்கள் என் எரிச்சலையும் அறிவீர்கள். அறுபது ஆண்டு பாசுரம் ஓதிய நான், அவருடைய இயற்பியலைத் தமிழில் எழுத இசைந்தது என் பிழை. கலங்கிய கருந்துளை, அடிபட்ட மணிபோல் அதிர்ந்து அடங்கும். குவாண்டம் ஈர்ப்பு என்று ஒன்று இருந்தால் அந்தச் சுருதி மயிரிழையிலும் மெலிதாகப் பிசகும். கருந்துளையிலிருந்து கசியும் மெல்லிய கதிர்வீச்சும் மாறும். வாழ்நாளெல்லாம் அந்தப் பிசகைத்தான் அவர் கணக்கிட்டார்.

"அந்த மணியோசையில் படைத்தவனின் கைத்திருத்தம் கேட்கிறது" என்று நூலை முடித்திருந்தேன். சிவப்பு மையால் அடித்தார்.

"யார் கேட்டா? அளந்தாச்சா ஸ்வாமி?"

"உம்ம கணக்குதானே ஓய் சொல்றது?"

"கணக்கு சொல்றது. கருந்துளை இன்னும் சொல்லலே. சும்னே இட்டுக்கட்டி எழுதாதேயும்."

ஒருமுறை கோயில் சபையில், கருந்துளையின் அதிர்வே பிரணவம் என்று உருகிப் பேசிக்கொண்டிருந்தேன். முன்வரிசையில் எழுந்து நின்றார். "அது ஒரு நொடிகூட நிக்காது ஸ்வாமி. பிரணவத்துக்கா அந்தக் கதி?" சபை சிரித்தது. ஒரு மாதம் அவரோடு நான் பேசவில்லை. பிறகு ஒருநாள் அவரே வீட்டுக்கு வந்தார். மன்னிப்புக் கேட்க வந்தார் என்று மகிழ்ந்து நாற்காலி போட்டேன். "நான் சபையில சொன்னது தப்பு. ரொம்பப் பெரிய கருந்துளைன்னா நிமிஷக்கணக்கா அதிரும். அதைச் சொல்லத்தான் வந்தேன், உம்ம பிரணவத்தை ஒத்துக்க இல்லே" என்றார். காபியை மட்டும் மறுக்கவில்லை.

இப்போது அந்தக் கடைசிப் பக்கம் என் மேசையில். தடுக்க ஆளில்லை. இரண்டு நாள் பார்த்துக்கொண்டே இருந்தேன். பிறகு என் வாக்கியத்தை நானே அடித்துவிட்டு, ஓரத்தில் அவர் எழுதியிருந்ததையே அச்சுக்கு அனுப்பினேன்: "சுருதி மாறும் என்கிறது கணக்கு. இன்னும் யாரும் அதைக் கேட்கவில்லை."

அவருடைய அந்தத் தொல்லை பிடித்த கேள்விதான் எனக்கு மிஞ்சியது. எதை எழுத உட்கார்ந்தாலும் முன்னால் வந்து நிற்கிறது. அடுத்த வாக்கியத்தில் மட்டும் அதற்கு நான் வழிவிடுவதாக இல்லை. வரதன் எம்பெருமான் திருவடி சேர்ந்தார்.

அளக்கவில்லை, ஓய். அடிக்கவும் விடமாட்டேன்.