சலூன் கடையில் அடித்த மொட்டை

என் இரண்டு பெண்களுக்கும் ஒரே நாளில், கோயில் குளம் எதுவும் இல்லாமல், சலூன் கடையில் மொட்டை அடித்தவன் நான். விழுப்புரத்தில் எங்கள் தெருவில் இன்றைக்கும் இதைச் சொல்லிச் சிரிப்பவர்கள் இருக்கிறார்கள். என் அக்கா மட்டும் சிரிப்பதில்லை. அவள் இன்னும் திட்டுகிறாள். எல்லோரும் அவரவருக்குத் தெரிந்ததைப் பேசியாகிவிட்டது. நடந்ததை நான் சொல்கிறேன்.

அப்போது பெரியவளுக்கு ஆறு வயது, சின்னவளுக்கு நாலு. நான் மல்லாட்டை மண்டியில் வேர்க்கடலை மூட்டை தூக்கிக்கொண்டிருந்தேன். என் மனைவி திண்டிவனத்தில் ஆசிரியர் பயிற்சி, இரண்டாம் வருடம். பன்னிரண்டாவது முடித்து, கல்யாணம் ஆகி, இரண்டு பிள்ளை பெற்ற பிறகுதான் அவளுக்கு இடம் கிடைத்தது. எங்கள் இரண்டு குடும்பத்திலும் அதுவரை எல்லோரும் அடுத்தவன் நிலத்தில் நட்டவர்கள், களை எடுத்தவர்கள். அவள் சாக்பீஸ் பிடிக்கப் போகிறாள் என்ற கர்வத்தை நான் யாரிடமும் மறைக்கவில்லை. மறைத்திருந்தால் இத்தனை பேருக்கு வயிறு எரிந்திருக்காது.

அவள் காலையில் சோறும் குழம்பும் ஆக்கி வைத்துவிட்டு ஆறு மணிக்குப் புறப்பட்டுவிடுவாள். அதற்கு மேல் எல்லாம் என் பொறுப்பு. குளிப்பாட்டுவது, ஊட்டுவது, சட்டை மாட்டுவது இதெல்லாம் ஒரு வாரத்தில் பழகிவிட்டது. தலைதான் பழகவில்லை. பள்ளிக்கூடத்துக்கு இரண்டு பேரையும் இரட்டை ஜடை போட்டு, மடித்து, ரிப்பன் கட்டி அனுப்ப வேண்டும்.

நான் காணைப் பக்கம் பிறந்தவன். சின்ன வயதில் களத்தில் வைக்கோலைக் கயிறு மாதிரி முறுக்கிப் பிரி திரித்திருக்கிறேன். என் கைக்குத் தெரிந்தது அதுதான். முதல் நாள் பெரியவளின் முடியை இரண்டாகப் பிரித்து, நன்றாக எண்ணெய் தடவி, ஒன்றோடு ஒன்றை முறுக்கி, நுனியில் ரிப்பன் கட்டினேன். பார்க்க அம்சமாகத்தான் இருந்தது. பிரேயர் முடிவதற்குள் அவிழ்ந்துவிட்டது. வைக்கோல் ஒன்றை ஒன்று பிடித்துக்கொள்ளும். எண்ணெய் வைத்த முடி வழுக்கும். இது எனக்குத் தெரியவில்லை. மறுநாள் இன்னும் கொஞ்சம் எண்ணெய் ஊற்றி இன்னும் இறுக்கி முறுக்கினேன்.

குழாயடியில் ஒரு பெண் கேட்டாள்: "இன்னாண்ணே, புள்ளைங்கள ஸ்கூலுக்கு அனுப்பறியா, போர் அடிக்க அனுப்பறியா?"

மண்டியில் கேட்கவே வேண்டாம். "இன்னாபா, பூ வெச்சி வுட்டுட்டு வந்துட்டியா? எங்க வூட்லயும் ஒண்ணு கீது. வர்ற வழியில பின்னி வுட்டுட்டு வா."

"வுடறேன். அதுவரைக்கும் எம் மூட்டைய நீ தூக்கு" என்றேன்.

பங்குனி வந்தது. மண்டியில் மல்லாட்டை வந்து குவிகிற மாதம். எங்கள் வீட்டு வாசலில் இருந்த வேப்பமரம் முழுக்கப் பூ. பிள்ளைகள் இரண்டும் மரத்தடியில் கல்யாண விளையாட்டு ஆடி, ஒருத்தி தலையில் ஒருத்தி வேப்பம்பூவை அள்ளிக் கொட்டிக்கொள்வார்கள். வியர்வை, எண்ணெய், பூ, அதற்குள் பேன். ஞாயிற்றுக்கிழமை என் மனைவி உட்கார்ந்து பேன்சீப்பு போட்டு வாரி எடுப்பாள். திங்கட்கிழமை பள்ளிக்கூடத்தில் பக்கத்துத் தலையிலிருந்து புதிதாக ஏறும்.

அப்படி ஒரு திங்கட்கிழமை பெரியவளின் டைரியில் எழுதி அனுப்பியிருந்தார்கள். தலையில் பேன் அதிகம், தாயாரை அழைத்து வரவும்.

தாயார் வர முடியாது. தை மாதம் சின்னவளுக்குக் காய்ச்சல் வந்தபோது இருந்த லீவு எல்லாம் தீர்ந்துவிட்டது. இன்னும் ஒரு நாள் வராவிட்டால் பரீட்சை எழுத விடமாட்டோம் என்று பயிற்சிப் பள்ளியில் சொல்லிவிட்டார்கள். ஒரே ஒரு நாள். இரண்டு வருடப் படிப்பு அந்த ஒரு நாளில் தொங்கிக்கொண்டிருந்தது. நான் டைரியை அவளிடம் காட்டாமல் அரிசி டிரம் மேல் வைத்துவிட்டு, மறுநாள் நானே போனேன்.

"அம்மா வரலியா?" என்றார் டீச்சர்.

"அவங்க திண்டிவனம் போயிருக்காங்க. எங்கிட்ட சொல்லுங்க."

"பொம்பளப் புள்ள விஷயம், அம்மாகிட்டதான் சொல்லணும். அவங்க வர்ற வரைக்கும் பாப்பாவ அனுப்ப வேணாம்."

குளிப்பாட்டுகிறவன் நான், ஊட்டுகிறவன் நான், பேன் எந்தக் காதுக்குப் பின்னால் குடியிருக்கிறது என்று தெரிந்தவன் நான். என்னிடம் சொல்ல மாட்டார்களாம். எனக்கு ஏறிய கோபம் இன்னும் முழுதாக இறங்கவில்லை.

புதன்கிழமை காலையில் இரண்டையும் சலூன் கடைக்குக் கூட்டிப் போனேன்.

"எந்தக் கோயிலுக்குண்ணே?" என்றான் கடைக்காரன்.

"கோயில் இல்ல. பேனு."

"பொம்பளப் புள்ளைக்கு யாருண்ணே கடையில மொட்ட அடிப்பாங்க? அண்ணிக்குத் தெரியுமா?"

"நீ அடிக்கிறியா, ஒரு பிளேடு வாங்கிக்கினு போயி நானே அடிக்கட்டுமா?"

"நீ அடிச்சா காது தங்காது" என்று சொல்லிக்கொண்டே பெரியவளை நாற்காலிப் பலகையில் ஏற்றினான். அவளுக்கு முடிந்தது. சின்னவளை உட்கார வைத்து, தோள் வரை சுருண்டு கிடந்த முடியைத் தொட்டுப் பார்த்தவன் கத்தியைக் கீழே வைத்தான்.

"இது மொத முடியாண்ணே?"

முதல் முடிதான். எங்கள் வீட்டில் முதல் முடி மேல்மலையனூர் அங்காளம்மனுக்கு. தாய்மாமன் மடியில் உட்கார வைத்து இறக்க வேண்டும். பெரியவளுக்கு அப்படித்தான் செய்தோம். சின்னவளுக்கு மூன்று வயதில் செய்திருக்க வேண்டும், முடியவில்லை. படிப்பு முடியட்டும், ஐந்தில் இறக்கலாம் என்று வைத்திருந்தோம். மறந்து செய்தேன் என்று எனக்காகப் பேசுகிறவர்கள் சொல்வார்கள். மறக்கவில்லை. அவன் கேட்டான், எனக்கு ஞாபகம் வந்தது, அதற்குப் பிறகும் "அடி" என்றேன்.

முடிந்ததும் இரண்டும் ஒருத்தி தலையை ஒருத்தி தடவிப் பார்த்துக்கொண்டன. "அப்பா, காத்து உள்ள பூருது" என்றாள் சின்னவள். நேராகப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப் போய் டீச்சர் முன்னால் நிறுத்தினேன். "இப்ப பேன் எங்க கீதுன்னு பாருங்க" என்றேன்.

டீச்சர் இரண்டு தலையையும் பார்த்தார். பிறகு பெரியவளிடம் குனிந்து, "எந்தக் கோயிலு பாப்பா?" என்றார்.

"சலூன் கடை டீச்சர்" என்றாள்.

சாயங்காலம் என் மனைவி பஸ்ஸிலிருந்து இறங்கி வந்தாள். இரண்டு மொட்டைகளும் தெருமுனைக்கே ஓடிப்போய்ப் பிடித்துக்கொண்டன. அவள் தோளில் பையோடு வாசல்படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். சின்னவளின் தலையைத் தடவினாள்.

"முடி எங்க?"

"கடையில."

"கடையிலன்னா எங்க?"

"பெருக்கித் தள்ளியிருப்பான்."

டைரியை எடுத்துக் கொடுத்தேன். படித்தாள். "இத ஏன் எங்கிட்ட காட்டல?"

"காட்டியிருந்தா லீவு போட்டுட்டு வந்திருப்ப."

"வருவனா மாட்டனான்னு நான் சொல்லணும். அத சொல்றதுக்கு நீங்க யாரு?"

நான் செய்த தப்பு அந்த ஒன்றுதான். மற்றவர்கள் சொல்லும் தப்பு எதையும் நான் ஒத்துக்கொள்ளப் போவதில்லை.

சேதி அக்கா வாழ்க்கைப்பட்ட வளவனூருக்குப் போக மூன்று நாள் ஆனது. சனிக்கிழமை என் அக்கா வந்து இறங்கினாள். அதற்குள் சின்னவளின் பிடரியில், வெயிலுக்கு, சுண்டைக்காய் அளவில் ஒரு வேனல் கட்டி கிளம்பியிருந்தது. அக்கா பிள்ளையைத் திருப்பி வைத்துப் பார்த்தாள்.

"அம்மா காட்டிட்டா பாத்தியாடா. அவளுக்குன்னு வெச்ச முடிய குப்பையில போட்டா சும்மா இருப்பாளா? வர்ற அமாவாசைக்கி எல்லாரும் மலையனூரு போறோம். உம் பொண்டாட்டி பொங்க வெச்சி, ஈரத்துணியோட வுழுந்து கும்புடணும்."

அந்த அமாவாசை வியாழக்கிழமை. அன்றைக்குத்தான் வெளியிலிருந்து அதிகாரிகள் வந்து, என் மனைவி வகுப்பெடுப்பதைப் பார்த்து மதிப்பெண் போடும் நாள். அதைச் சொன்னேன்.

"ஒரு நாளு போவலன்னா இன்னாடா? புள்ள பெருசா, சாக்பீசு பெருசா? ரெண்டு வருசமா இந்த வூட்ல ஒரு பொம்பள இல்ல. அதான் புள்ளைங்க தலையில முடிகூட தங்கல."

"நீ கெளம்புக்கா" என்றேன். என் குரல் தெரு வரைக்கும் போயிருக்கும்.

"நீங்க சும்மா இருங்க" என்றாள் என் மனைவி, என்னைப் பார்த்து. அவ்வளவுதான் சொன்னாள். வியாழக்கிழமைக்காக அட்டையில் வரைந்துகொண்டிருந்த பூவின் படத்தைச் சுருட்டிப் பரண்மேல் போட்டாள். அன்றைக்கு அவள் புத்தகத்தைத் தொடவில்லை. அடுப்பங்கரையில் அவளிடம் போய் நின்றேன். "எனக்கு பயமா கீது" என்றாள். "நாளைக்கி புள்ளைக்கி ஒண்ணுன்னா, எல்லாரும் எம் மூஞ்சத்தான் பாப்பாங்க."

யார் பேசினாலும் நான் திருப்பிப் பேசுவேன். பயத்தோடு எப்படிப் பேசுவது என்று எனக்குத் தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை, ராத்திரி தங்கிய அக்கா எழுவதற்குள், சலூன் கடை திறந்ததும் போய் நின்றேன். "பெருக்கற முடியெல்லாம் எங்க கொட்டுவ?" என்றேன். குப்பை கொட்டும் சுடுகாட்டு ஓரம் வரைக்கும் போய்க் கிளறத் தயாராகத்தான் போயிருந்தேன். அவன் கண்ணாடிக்குக் கீழே இருந்த டிராயரை இழுத்து, ஒரு தினசரிப் பேப்பர் பொட்டலத்தை எடுத்துக் கொடுத்தான்.

"சின்னதோட முடி. தனியா எடுத்து வெச்சேன். ஒரு துண்டு மஞ்சளும் போட்டுக்கீறேன்."

"அன்னிக்கே சொல்றதுக்கு இன்னா?"

"அன்னிக்கி நீ கேக்கற ஆளாவா இருந்த? நீ வரலன்னா அண்ணி வருவாங்கன்னு தெரியும்."

பொட்டலத்தை என் மனைவி கையில் கொடுத்தேன். பிரித்தாள். சுருட்டை முடிக்குள் காய்ந்த வேப்பம்பூ ஏழெட்டு சிக்கியிருந்தது. அவள் முகத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். "பேனும் கீது" என்று சொல்லிச் சிரித்தாள். நான்கு நாளில் அதுதான் முதல் சிரிப்பு. ஒரு மஞ்சள் துணியில் முடிந்து சாமி படத்துக்குப் பின்னால் வைத்தாள். பிறகு பரண்மேல் கை விட்டு, சுருட்டிப் போட்ட அட்டையை எடுத்து, தூசி தட்டிக்கொண்டே என் அக்காவிடம் சொன்னாள்.

"அண்ணி, முடி பத்திரமா கீது. அமாவாச மாசா மாசம் வருது. எம் பரீட்ச அப்படி வராது. முடிச்சிட்டு வந்து எங் கையாலயே போடறேன். அதுவரைக்கும் அங்காளம்மா இருப்பா. அவளும் பொம்பளதான, அவளுக்குத் தெரியும்."

"நடுவுல ஏதாவது ஆச்சின்னா?"

"ஆச்சின்னா எங்கிட்ட கேளுங்க. அவர கேக்காதீங்க. அவருக்கு பிரி திரிக்கத்தான் தெரியும்."

அக்கா டீயைக் குடிக்காமலே பஸ் ஏறினாள். கட்டிக்கு என் மனைவி வேப்பிலை அரைத்துப் போட்டாள், நான் மருந்துக் கடையில் களிம்பு வாங்கிப் போட்டேன். புதன்கிழமை உடைந்து வடிந்தது. எது கேட்டது என்று நாங்கள் சண்டை போடவில்லை.

வியாழக்கிழமை நான் மண்டிக்குப் போகவில்லை. இரண்டு மொட்டைகளையும் கூட்டிக்கொண்டு அவளை வழியனுப்ப பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன். அமாவாசைக் கூட்டம். மஞ்சள் புடவையும் கூடையுமாக மேல்மலையனூர் பஸ்ஸுக்கு நிற்கிறார்கள். திண்டிவனம் பஸ் பக்கத்தில்தான் நின்றது. என் மனைவி ஒரு கையில் பையும் இன்னொரு கையில் அட்டையுமாக நின்றாள். சின்னவள் அவள் புடவையை விடவில்லை. கூடையோடு நின்ற ஒரு அம்மா பிள்ளைகளைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

"ரெண்டுக்கும் ஒண்ணா எறக்கிட்டீங்களா? எந்தக் கோயிலும்மா, மலையனூரா?"

நான் வாயைத் திறந்தேன். பெரியவள் முந்திக்கொண்டாள்.

"சலூன் கடை" என்றாள்.

அந்த அம்மா என்னைப் பார்த்தாள், என் மனைவியைப் பார்த்தாள். பஸ்காரன் ஹாரன் அடித்தான். என் மனைவி சின்னவளின் விரல்களைப் புடவையிலிருந்து ஒவ்வொன்றாகப் பிரித்து என் கையில் வைத்துவிட்டு, சிரித்துக்கொண்டே ஏறினாள்.

அன்றைக்கு அவள் நன்றாகப் பாடம் எடுத்தாள். பரீட்சையும் எழுதினாள், தேறினாள். அடுத்த அமாவாசைக்கு மேல்மலையனூர் போய், தாய்மாமன் மடியில் பிள்ளையை உட்கார வைத்துக் காது குத்தி, மஞ்சள் துணி முடிச்சைச் சேர்க்க வேண்டிய இடத்தில் சேர்த்தாள். நானும் போனேன். அம்மனிடம் நான் மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்க வேண்டியவளிடம் வீட்டிலேயே கேட்டுவிட்டேன்.

முடி திரும்ப வளர்ந்து ஜடைக்கு எட்டியபோது, என் மனைவி சாக்கு தைக்கும் சணலை மூன்று இழையாக ஜன்னல் கம்பியில் கட்டி என்னை உட்கார வைத்தாள். வலது நடுவுக்கு, இடது நடுவுக்கு. என் விரல் பருமனுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க ஆனது. மறுநாள் இரண்டு பேருக்கும் பின்னி, மடித்து, ரிப்பன் கட்டி, சாயங்காலம் மண்டி வேலையைப் பாதியில் விட்டுவிட்டுப் பள்ளிக்கூட வாசலில் போய் நின்றேன். நாலு ஜடையும் கட்டியபடியே வெளியே வந்தன.