மஞ்சள் கவுனுக்குப் பக்கத்தில் நின்றவள்

போன குளிர்காலத்தில், ஷார்ஜாவில் மகன் வீட்டில் தங்கியிருந்தபோது நடந்தது இது.

ஒரு சனிக்கிழமை, பேத்தி என்னைத் துபாய்க்கு ஓவியக் கண்காட்சி பார்க்க அழைத்துப் போனாள். பார்க்கிங் கிடைக்காது, உட்கார நாற்காலி இருக்காது, கழிப்பறை எங்கே இருக்குமோ என்று வழியெல்லாம் புலம்பிக்கொண்டே போனேன். மூன்று பயமும் வீண். பழைய கிடங்கு ஒன்றை வெள்ளையடித்துக் கூடமாக்கியிருந்தார்கள்.

வரைந்தவர் ஒரு கறுப்பினப் பெண். படங்களில் இருந்தவர்களும் கறுப்பினப் பெண்களே. எதைப் பார்த்தாலும் எண்ணுவது என் வழக்கம். பதினெட்டுப் படங்கள், இருபத்து மூன்று பெண்கள். ஒருத்தி சோபாவில் கால் நீட்டிப் படுத்துப் போன் பேசுகிறாள். ஒருத்தி நீச்சல் குளத்தில் கண்மூடி மிதக்கிறாள். நகப்பூச்சு காயட்டும் என்று விரல்களை விரித்தபடி இரண்டு தோழிகள் எதற்கோ சிரிக்கிறார்கள். யார் தலையிலும் சுமை இல்லை, யார் கண்ணிலும் நீர் இல்லை. கறுப்பினப் பெண்களை வரைந்து நான் அதுவரை பார்த்த படங்களில் சுமை, கண்ணீர் இரண்டில் ஒன்றாவது இருக்கும்.

ஒரு படத்தின் முன் பேத்தி நின்றுவிட்டாள். மஞ்சள் கவுன் போட்ட பெண், ஈரத் தலையோடு பால்கனியில் நின்று காபி குடிக்கிறாள். அவள் கன்னத்தில் மட்டும் ஏழு விதமான பழுப்பு நிறங்களை எண்ணினேன். நடுவே கொஞ்சம் நீலம் வேறு.

"பாத்தீங்களா தாத்தா, யாருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லங்கிற மாதிரி நிக்கிறா" என்றாள்.

அந்தப் படத்துக்குப் பக்கத்தில் அவளை நிற்கவைத்து நான்கு போட்டோ எடுத்தேன். அவள் எங்கள் குடும்பத்து நிறம், நல்ல கறுப்பு. மூன்றாவது போட்டோவில் வாய்விட்டுச் சிரித்திருந்தாள்.

அப்போது அவளுக்கு அபுதாபியிலிருந்து ஒரு வரன் வந்திருந்தது. பையன் ஜெபல் அலியில் வேலை பார்த்தான். இருவரும் இரண்டு முறை போனில் பேசியிருந்தார்கள். அவளுக்குப் பிடித்திருந்தது என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். "இந்தப் போட்டோவையே அனுப்பும்மா" என்று அந்தச் சிரிப்பைத்தான் தன் அம்மாவிடம் கொடுத்தாள்.

அடுத்த வாரம் பையனும் அவனைப் பெற்றவர்களும் பெண் பார்க்க வந்தார்கள். பேத்தி எல்லோருக்கும் கரக் டீ கொடுத்துவிட்டு உட்கார்ந்தாள். பையனின் அம்மா அவளைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு என் மருமகளிடம் கேட்டார்:

"போட்டோல நல்ல கலரா இருந்தாளே?"

"வெயில்ல அலையிற டூட்டிங்க. அதான் கறுத்துட்டா" என்றாள் மருமகள், கண் இமைக்காமல். பேத்திக்குப் பன்னிரண்டாவது மாடியில், ஏசி அறையில் வேலை!

"எந்தப் போட்டோ ஆன்ட்டி?" என்று பேத்தி கேட்டாள். அந்த அம்மாள் போனை நீட்டினார். நானும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எட்டிப் பார்த்தேன். நான் எடுத்த போட்டோதான். ஓவியத்தை வெட்டி எறிந்திருந்தார்கள். தோள் ஓரத்தில் ஒரு கீற்று மஞ்சள் மட்டும் மிச்சம். முகத்தில் மைதா மாவைப் பூசியதுபோல் ஒரே வெள்ளை. பல் எது, கன்னம் எது என்று தெரியவில்லை.

பேத்தி தன் போனை எடுத்து எதையோ அனுப்பினாள். "ஒரிஜினல் அனுப்பியிருக்கேன் ஆன்ட்டி. என் தாத்தா எடுத்தது." பிறகு பையனைப் பார்த்து, "நீங்களும் பாருங்க" என்றாள்.

அவன் தன் அம்மாவின் முகத்தைப் பார்த்தான்.

எனக்குப் பொறுக்கவில்லை. "தம்பி, அவ உன்னத்தான் பாக்கச் சொல்றா!" என்று கத்தினேன்.

"அப்பா, சும்மா இருங்க" என்று மகன் என் கையைப் பிடித்தான்.

அன்று மாலையே, ஜாதகம் சரியில்லை என்று செய்தி வந்தது. பத்துக்கு எட்டுப் பொருத்தம் இருக்கிறது என்று முன்பு மகிழ்ச்சியாகச் சொல்லி அனுப்பியவர்களும் அவர்கள்தான்!

மருமகளை நான் அதுவரை ஒரு வார்த்தை கடிந்து பேசியதில்லை. அன்று பேசினேன். பெற்ற பெண்ணின் முகத்தையே பொய்யாக்கி அனுப்பினாயே என்று கேட்டேன்.

"கத்துங்க மாமா. உங்க மகனுக்கு முன்னாடி என்னை அஞ்சு பேரு வந்து பாத்துட்டுப் போனாங்க. எங்க வீட்டுக் காபியக் குடிச்சிட்டு, என் நெறத்தப் பத்தி என்னென்ன சொன்னாங்கன்னு உங்களுக்குத் தெரியுமா? அதை இவ கேக்கக் கூடாதுன்னுதான் செஞ்சேன்" என்று அழுதாள்.

பேத்தி அறை வாசலில் நின்றிருந்தாள். "அவங்க சொல்லியிருந்தா தொடச்சுப் போட்டுட்டுப் போயிருப்பேம்மா. நீதானே சொல்லிட்ட" என்றாள்.

மருமகள் மேல் எனக்கிருந்த கோபம் பாதியாகிவிட்டது. மீதிப் பாதி, நான் பார்த்தே இராத அந்த ஐந்து பேர் மேல் போய்ச் சேர்ந்துவிட்டது; மொத்தத்தில் குறையவில்லை. அபுதாபிக்காரர்கள் வேண்டாம் என்றது எனக்குப் பெரிதில்லை. வாய்விட்டுச் சிரித்த ஒரு பிள்ளையின் முகத்தைத் திருத்தித்தான் வெளியே அனுப்ப வேண்டும் என்று, அவளைப் பெற்ற வீட்டிலேயே ஒருவருக்குத் தோன்றியதே, அதை நினைத்தால் எனக்கு இன்றும் ஆத்திரம் அடங்குவதில்லை; அடங்கவும் கூடாது என்றே நினைக்கிறேன்.