தொங்கு பாலத்தில் கட்டிய தொட்டில்கள்

"காட்டுக்குக் காவல் வேண்டாம் தங்கச்சி, அது தன்னால இருந்துக்கும். வாரவுகளுக்குத்தான் காவல் வேணும்." இதை எனக்கு முதலில் சொன்னவர், எனக்கு முன்னால் அந்தத் தோப்பு வாசலில் காவலிருந்த மாரிமுத்தண்ணன். சமஸ்தானம் போய் நாமெல்லாம் இந்தியாவோடு சேர்ந்த மறுவருசம், பங்குனி வெயிலில், சாவியையும் ஒரு மூங்கில் கம்பையும் என் கையில் கொடுத்துவிட்டு மகன் வீட்டுக்குப் புறப்பட்டபோது சொன்னார். கம்பு பாம்புக்கு என்று நினைத்துக்கொண்டேன். வந்த நாளிலிருந்து இன்றுவரை பாம்புகளால் எனக்கு ஒரு தொந்தரவும் கிடையாது.

வாசலில் உட்கார்ந்து நாலு பேரை உள்ளே விட்டு வெளியே அனுப்புகிற வேலை பார்த்தவர்கள், அது கோயில் வாசலோ, சினிமாக் கொட்டகை வாசலோ, இதைப் படித்தால் தலையாட்டுவீர்கள். உங்களுக்காகத்தான் எழுதுகிறேன்.

அந்தத் தோப்பை உண்டாக்கியவர் திருமயம் பக்கத்துச் செட்டியார். பாதி ஆயுளை மலாயாவில் கழித்தவர். அங்கே பார்த்த மழைக்காடு கண்ணிலேயே நின்றதால், ஊருக்கு வெளியே கல் வெட்டிவிட்டுப் போன பெரிய பள்ளத்தைச் சுற்றி மரமாக வைத்துத் தள்ளினார். பள்ளத்தில் ஊற்று இருந்தது. அதனால் குளிக்க இரண்டு சுனை, ஆண்களுக்கு ஒன்று, பெண்களுக்கு ஒன்று. மேலே இக்கரைக்கும் அக்கரைக்கும் கயிறும் பலகையுமாக ஒரு தொங்கு பாலம், ஓர் ஆள் போகிற அகலத்தில். மரங்கள் வானத்தை மறைக்கிற அளவுக்கு வளர்ந்ததும், 'யாரும் வரலாம், சத்தமில்லாமல் இருந்துவிட்டுப் போகலாம்' என்று வாசலைத் திறந்துவிட்டு அவர் மறுபடி கப்பலேறிவிட்டார்.

என்னை வேலைக்கு வைத்தவர் அவருடைய கணக்கப்பிள்ளை. சிரிக்கத் தெரியாத மனிதர். "பாலத்திலே ஒரு ஆபத்து, ஒரு அலங்கோலம்னு ஐயா காதுக்குப் போச்சு, பாலத்தை அறுத்துப்போட்டு வாசலைப் பூட்டிருவேன். அப்புறம் ஒங்க ரூமும் கிடையாது" என்றார் முதல் நாளே. வாசலை ஒட்டிய அந்த ஒற்றை அறைதான் என் வீடு. என் வீட்டுக்காரர் மாதாவிடம் போய்ச் சேர்ந்துவிட்டார். மகன் திருச்சியில் ரயில்வேயில் இருக்கிறான், மகள் அறந்தாங்கியில் வாழ்க்கைப்பட்டிருக்கிறாள். இரண்டு பேரும் வா வா என்றுதான் கூப்பிட்டார்கள். போனால் அவர்கள் அடுப்படியில் எனக்கு ஓர் ஓரம் கிடைக்கும். இங்கே எனக்கென்று ஒரு கதவு இருந்தது, உட்கார்ந்து ஜெபமாலை சொல்ல ஓர் இலுப்பை மரம் இருந்தது. பாலம் நிற்கிற வரைக்கும்தான் அதெல்லாம்.

குடையோடு வந்தவர்கள்

அறந்தாங்கியிலிருந்து ஒரு குடும்பம் வண்டி கட்டிக்கொண்டு வந்தது. சித்திரை மாதம், வானத்தில் பொட்டு மேகம் இல்லை. ஆளுக்கொரு குடை. பெரியவர் தோப்புக்குள் போய், அண்ணாந்து பார்த்து, உள்ளங்கையை நீட்டிப் பார்த்து, கோபமாகத் திரும்பி வந்தார். மழைக்காடு என்று சொன்னார்களே, மழை எங்கே என்றார்.

"அது மலாயாவிலே பெய்யிறதுங்க ஐயா. மரம் மட்டும்தான் இங்க வந்திருக்கு" என்றேன். நம்ம ஜில்லாவில் ஐப்பசியில் பெய்வதே பெரும்பாடு, சித்திரையில் நான் எங்கே போய்க் கொண்டுவருவேன்? அவருக்கு மனம் ஆறவில்லை. சுனையைக் காட்டினேன், பாலத்தைக் காட்டினேன், மர நிழலின் குளிர்ச்சியைச் சொன்னேன். எல்லாவற்றையும் குடை பிடித்துக்கொண்டே பார்த்தார்கள். வண்டி ஏறும்போது பெரியவர் என்னிடம் தனியாகச் சொன்னார்: "பரவாயில்லைம்மா, என்னைக்கு மழை போடுவீகளோ அன்னிக்கு ஆள் விட்டுச் சொல்லுங்க, வாரோம்."

அமைதியைப் பார்த்தவர்கள்

வாசலில் ஒரு பலகை எழுதித் தொங்கவிட்டிருந்தார்கள், அமைதி காக்கவும் என்று. அதைச் சத்தம் போட்டு எழுத்துக் கூட்டிப் படித்துக்கொண்டேதான் எல்லோரும் உள்ளே நுழைவார்கள். கல்யாண வீட்டுக்கு வந்த கூட்டம் ஒன்று, மிச்சமிருந்த பொழுதைக் கழிக்கத் தோப்புக்கு வந்தது. கையில் கிராமபோன் பெட்டி. அதை வாங்கி என் அறைக்குள் வைத்துப் பூட்ட நான் பட்ட பாடு மாதாவுக்குத்தான் தெரியும்.

பெட்டி இல்லாமல் உள்ளே போனவர்கள் இலுப்பை மரத்தடியில் வட்டமாக உட்கார்ந்தார்கள். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. ஒரு மரங்கொத்தி கொத்துகிற சத்தம் மட்டும் கேட்டது. அப்பாடா என்று நான் ஜெபமாலையை எடுத்தேன். கூட்டத்தில் மூத்த அம்மாள் எழுந்து, சேலையைத் தட்டிவிட்டுக்கொண்டு என்னிடம் வந்தார். "அமைதியைப் பார்த்தாச்சு. நல்லாத்தான் இருக்கு. அடுத்து என்ன இருக்கு?"

சுனையில் ஒரு ஜோடி

சுனையில் எண்ணெய் தேய்த்துக் குளிக்கக் கூடாது, சீயக்காய் கூடாது, துணி அலசக் கூடாது என்று நான் சொல்லாத நாளில்லை. பொன்னமராவதிப் பக்கத்து விவசாயி ஒருவர் பொறுமையாக எல்லாவற்றையும் கேட்டார். தலையாட்டினார். எண்ணெய் கிடையாது, சீயக்காய் கிடையாது, அழுக்குத் துணி கிடையாது என்று மடியை உதறிக்கூடக் காட்டினார். சந்தோஷப்பட்டு உள்ளே விட்டேன். அவர் நேராக ஆண்கள் சுனைக்குப் போகாமல் பின்பக்கம் வேலி இருந்த இடத்துக்குப் போய், அங்கே கட்டியிருந்த தன் உழவு மாடுகள் இரண்டையும் ஓட்டிக்கொண்டு சுனைக்குள் இறங்கிவிட்டார்.

நான் கம்போடு ஓடினேன். குளித்துக்கொண்டிருந்த ஆட்கள் பாறைமேல் ஏறி நின்று என்னைத்தான் திட்டினார்கள். அவரோ வைக்கோலை உருட்டி மாட்டின் முதுகைத் தேய்த்துக்கொண்டிருந்தார். "கோவிச்சுக்காதீக ஆத்தா. இதுக எண்ணெய் தேய்க்கலை, சீயக்காய் தேய்க்கலை, துணியும் கட்டலை. நீங்க சொன்னது அம்புட்டும் இதுகளுக்குத்தான் சரியா வருது."

பாதிப் பாலத்தில் சம்பந்திகள்

வீட்டில் வைத்துப் பெண் பார்த்தால், வேண்டாம் என்று போய்விட்டால் ஊர் பேசும். தோப்பில் என்றால் தற்செயலாகச் சந்தித்த மாதிரி இருக்கும். யாரோ ஒரு தரகர் கண்டுபிடித்த வழி அது. ஒரு ஞாயிற்றுக்கிழமை பெண் வீட்டார் முன்னதாக வந்து அக்கரைக்குப் போய்விட்டு, மாப்பிள்ளை வீட்டாரைக் காணோமே என்று பாலத்தில் திரும்பி வந்தார்கள். அதே நேரம் மாப்பிள்ளை வீட்டார் இந்தப் பக்கமிருந்து ஏறிவிட்டார்கள். பாதியில் நேருக்கு நேர். யாராவது ஒரு பக்கத்தார் பின்வாங்கியாக வேண்டும்.

"மாப்பிள்ளை வீட்டுக்காரவுக பின்வாங்கினா அது என்ன சகுனம்?" என்றார் மாப்பிள்ளையின் தாயார். "இன்னும் பேச்சே முடியலை, அதுக்குள்ள என்ன மாப்பிள்ளை வீடு?" என்றது பெண்ணின் அத்தை. அந்தப் பேச்சுக்குத் தகுந்தாற்போல் பாலம் ஆடியது. கயிறு கிறீச்சிட்டது. கணக்கப்பிள்ளை சொன்ன ஆபத்து, அலங்கோலம் இரண்டும் ஒரே நேரத்தில் வந்துவிட்டதே என்று ஓடிப்போய் இக்கரைக் கயிற்றைப் பிடித்துக்கொண்டேன். "அம்மா, ஐயா, கீழே வந்து சண்டை போடுங்க" என்று கரையிலிருந்து கெஞ்சினேன்.

கடைசியில் பெண்ணின் தகப்பனார்தான் விட்டுக்கொடுத்தார். தன் ஆட்களை எல்லாம் திரும்பிப் போகச் சொன்னார். ஆனால் சம்பந்திக்கு முதுகைக் காட்டுவது மரியாதையில்லை என்று, தான் மட்டும் கும்பிட்ட கையோடு, பலகை பலகையாகக் காலால் தடவித் தடவிப் பின்னாலேயே நடந்தார். இரண்டு பக்கமும் கயிற்றைப் பிடிக்கவில்லை. அவர் கரையைத் தொட்டதும் மாப்பிள்ளையின் தாயார் தன் வீட்டுக்காரரிடம் சொன்னது இக்கரை வரை கேட்டது: "அம்புட்டு ஆட்டத்திலேயும் கும்பிட்ட கையை எடுக்கலையே மனுசன். இந்த வீட்டிலேயே முடிச்சிருங்க."

முதல் தொட்டில்

அந்தக் கல்யாணம் நடந்ததோடு என் நிம்மதி போயிற்று. தோப்புப் பாலத்தில் நின்றால் நினைத்தது முடியும் என்று பேச்சுப் பரவிவிட்டது. சில நாள் கழித்து ஒரு பெண் தனியாக வந்தாள். பாலத்தின் நடுவில் போய் நின்று, மஞ்சள் துணியில் கையகலத்துக்கு ஒரு தொட்டில் கட்டி, உள்ளே பிள்ளைக்குப் பதிலாக ஒரு கூழாங்கல்லை வைத்து, கயிற்றில் முடிந்தாள். பிள்ளை வரம் கேட்டுக் கோயில் மரத்தில் கட்டுகிற அதே தொட்டில்.

"தாயி, இது பாலம். கோயில் இல்லை. இங்க சாமியும் இல்லை" என்றேன். "சாமி எங்கிட்டு இருந்தாலும் பாக்கும் ஆத்தா" என்றாள். அப்படியானால் மரத்தில் கட்டேன் என்று இலுப்பையைக் காட்டினேன். அவள் மரத்தைப் பார்த்தாள், பாலத்தைப் பார்த்தாள். "மரத்திலே காத்தடிச்சாத்தான் ஆடும். இங்கன ஆள் நடந்தாலே ஆடும். யார் நடந்தாலும் எம்பிள்ளைக்குத் தாலாட்டுத்தானே ஆத்தா."

கணக்கப்பிள்ளை முடிச்சு அவிழ்த்தது

அடுத்த வெள்ளிக்கிழமைக்குள் கயிறு தெரியவில்லை, தொட்டில்தான் தெரிந்தது. சிவப்பு, மஞ்சள், பூப்போட்டது, கோடு போட்டது. நடக்கிறவர்கள் கையில் கயிறு அகப்படாமல் துணியைப் பிடித்துத் தடுமாறினார்கள். மழைநீர் துணியில் ஊறிக் கயிறு இற்றுப்போகும் என்று எனக்கே பயம். நான் சொல்லாத புத்தி இல்லை. கட்ட வருகிறவர்களின் முகத்தைப் பார்த்தால் கம்பைக் கீழே வைத்துவிடுவேன். பிள்ளை கேட்டு நானும் மாதா கோயில் கொடிமரத்தடியில் அழுதவள்தானே.

செட்டியார் மலாயாவிலிருந்து தைமாதம் வருகிறார் என்று தெரிந்ததும் கணக்கப்பிள்ளை வந்தார். பாலத்தைப் பார்த்தார். கையில் அரிவாள் இருந்தது. "ஒண்ணு இந்தக் குப்பை போகணும், இல்லை பாலம் போகணும்." அறுக்க வேண்டாம், பிறர் வேண்டுதலை அறுக்கிறது பாவம், நான் ஒவ்வொன்றாக அவிழ்த்து மரத்தில் கட்டிவிடுகிறேன் என்று கையைப் பிடித்துக்கொண்டேன். மரத்தில் கட்டினால் ஆடாதே என்று அந்தப் பெண் சொன்னதையும் சொன்னேன். "கல்லுக்கு என்ன ஆட்டம் வேண்டிக்கெடக்கு?" என்றார். அவருக்குக் கல்யாணமாகி வெகுகாலம். வீட்டில் பிள்ளைச் சத்தம் கிடையாது. அதனால்தான் இந்தக் கடுமை என்று நினைத்துக்கொண்டு பாலத்தில் ஏறினேன்.

முடிச்சுக்கு ஒரு மங்கள வார்த்தை ஜெபம் சொல்லி அவிழ்த்தேன். யார் சாமிக்குக் கட்டியதோ, மாதா கோவித்துக்கொள்ள மாட்டாள், அவளும் பிள்ளை பெற்றவள். நான் மெதுவாகச் செய்கிறேன் என்று அவருக்குப் பொறுக்கவில்லை. தானும் அவிழ்க்க ஆரம்பித்தார். கல்லைச் சுனையில் உதறாதீர்கள் என்று ஒவ்வொன்றுக்கும் நான் கத்த வேண்டியிருந்தது. நடுப்பாலத்துக்கு வந்ததும் அவர் கை நின்றுவிட்டது. வெள்ளை மல் துணியில் ஒரு தொட்டில். ஓரத்தில் மயில்கழுத்து நிறத்தில் மெல்லிய கரை. நான் அந்தக் கரையைப் பார்த்தேன். அவர் கட்டியிருந்த வேட்டியின் கரையையும் பார்த்தேன். பிறகு சுனையைப் பார்ப்பது மாதிரி திரும்பிக்கொண்டேன்.

அவர் அந்த முடிச்சை மட்டும் நகம் படாமல் அவிழ்த்து, கல் நகராமல் இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு பாலத்தைவிட்டு இறங்கினார். இலுப்பை மரத்தடியில் நின்று அண்ணாந்து பார்த்தார். ஒரு இலைகூட அசையவில்லை. அதுவரை என்னை 'இந்தாம்மா' என்றுதான் கூப்பிடுவார். "மரத்திலே கட்டினா இது ஆடுமா ஆத்தா?"

ஐயா வந்தது

தைமாதம் செட்டியார் வந்தார். கண்ணில் புரை விழுந்து, ஆள் மெலிந்து, கணக்கப்பிள்ளையின் தோளைப் பிடித்துக்கொண்டு வந்தார். பாலத்தில் ஏறி இரண்டு பக்கமும் கயிற்றைத் தடவிக்கொண்டே அக்கரைக்குப் போனார், வந்தார். கயிறு வெறும் கயிறாக இருந்தது. எனக்கு உயிர் வந்தது. அப்புறம் வாசலுக்குத் திரும்பும்போது இலுப்பை மரத்தின் எதிரே நின்றுவிட்டார். மரம் முழுக்கத் தொட்டில். அவர் கண்ணைச் சுருக்கிச் சுருக்கிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "நான் வச்ச இலுப்பைதானே இது? இத்தனை நிறத்திலே பூக்கும்னு மலாயாவிலேகூட எவனும் சொல்லலையே!"

வாசல் பூட்டப்படவில்லை, நானும் அந்த அறையில்தான் இருக்கிறேன். கணக்கப்பிள்ளை வீட்டில் பிள்ளை பிறந்ததா என்று கேட்டுக் கடிதம் போடாதீர்கள். அது அவர்கள் வீட்டுப் பேச்சு. காலையில் கணக்குப் பார்க்கிற சாக்கில் வந்து அவர் ஒரு கிளையை ஆட்டிவிட்டுப் போவது மட்டும் எனக்குத் தெரியும்.

மழை கேட்டவர், மாடு குளிப்பாட்டியவர், பாலத்தில் சகுனம் பார்த்தவர் என்று இத்தனை பேரையும் அடக்கப் பார்த்து, கடைசியில் தினமும் கூழாங்கற்களைத் தூங்கவைக்கிற வேலைதான் எனக்கு மிஞ்சியது. எனக்கும் கை ஓய்ந்து வருகிறது. இந்தப் பக்கம் நீங்கள் வந்தால், தொட்டிலை மரத்திலேயே கட்டுங்கள். போகும்போது கிளையை ஒரு தடவை ஆட்டிவிட்டுப் போங்கள்.