சட்டிச் சோறு

எண்பதுகளின் தொடக்கத்தில், டில்லி ஆர்.கே.புரத்தில் சர்க்கார் குவார்ட்டர்ஸில் இருந்தபோது எனக்குப் பசி என்பதே இல்லாமல் போனது. இதைச் சொன்னால் யாரும் பெரிய நஷ்டமாக எடுத்துக்கொள்வதில்லை. "நல்லதுதானே, ரேஷன் மிச்சம்" என்று சிரிப்பார்கள். நானும் கூடச் சிரித்துவைப்பேன். வீட்டுக்கு வந்ததும் கதவைச் சாத்திக்கொண்டு அழுவேன்.

ஏனென்றால் நான் சாப்பிடப் பிறந்தவள். கல்யாணமாகி டில்லிக்கு வந்தபோது என்னவோ ஒல்லியாகத்தான் வந்தேன். இரண்டு குளிர்காலம் தாண்டுவதற்குள் ஊரிலிருந்து கொண்டுவந்த ரவிக்கைகள் எல்லாவற்றையும் பிரித்துத் தைக்க வேண்டியதாயிற்று. என் வீட்டுக்காரர் ஒரு அமைச்சகத்தில் கிளார்க். பேச்சு குறைவு, கேலி மட்டும் கொஞ்சம் உண்டு. ஸ்கூட்டரில் பின்னால் ஏறி உட்கார்ந்ததும், "உக்காந்துட்டியா, இல்ல இன்னும் பாக்கி இருக்கா?" என்று கேட்பார். நான் அவர் முதுகில் ஒரு குத்துவிடுவேன். எங்களுக்கு ஒரே மகள், அப்போது பத்து வயது.

காலையில் அவருக்கு டிபன் கட்டி அனுப்பி, மகளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பி, மத்தியானம் அவள் திரும்பி வந்ததும் அவளுக்குச் சோறு போட்டு, பாத்திரங்களை ஒழித்துப் போட்ட பிறகுதான் நான் சாப்பிட உட்காருவேன். விருதுநகர்ப் பக்கம் எங்கள் வீடுகளில் அப்படித்தான். யாரும் அப்படிச் செய் என்று சொன்னதில்லை. எல்லோரும் சாப்பிட்ட பிறகு சமைத்தவள் சாப்பிடுவாள், அவ்வளவுதான். பெண்கள் கடைசியில் சாப்பிடுகிறார்களே என்று இரக்கப்படுகிறவர்களுக்குச் சட்டிச் சோற்றைப் பற்றி ஒன்றும் தெரியாது.

என்னிடம் ஒரு மண்சட்டி இருந்தது. பழைய வேட்டியில் சுற்றி, மெட்ராஸிலிருந்து ரயிலில் மடியிலேயே வைத்துக் கொண்டுவந்த சட்டி. குழம்பெல்லாம் ஊற்றித் தீர்ந்த பிறகு அடியில் கொஞ்சம் மசாலா ஒட்டிக்கொண்டிருக்கும். பாதி வற்றி, பாதி தீய்ந்து, எண்ணெய் மினுங்கிக்கொண்டு. அதில் சூடாக இரண்டு கை சோற்றைப் போட்டு, நல்லெண்ணெய் விட்டு, சட்டியைச் சுற்றி வழித்துப் பிசைய வேண்டும். எல்லோருக்கும் ஊற்றிய குழம்பில் இந்த ருசி கிடையாது. அடுப்படிச் சுவரில் சாய்ந்து, காலை நீட்டி, சட்டியை மடியில் வைத்துக்கொண்டு சாப்பிடுவேன். கீழே தெருவில் காய்கறி வண்டிக்காரன் கத்திக்கொண்டு போவான். யாரும் என்னைக் கூப்பிட மாட்டார்கள். அந்த ஒரு மணி நேரம் முழுக்க முழுக்க என்னுடையது.

அந்த நேரத்துக்காகப் பசியைச் சேர்த்துவைப்பேன். காலையிலிருந்து வெறும் காபிதான். பதினொரு மணிக்கு வயிறு மெல்ல முனகும், பன்னிரண்டுக்குக் கூப்பிடும், இரண்டு மணிக்குச் சண்டை போடும். இரு இரு என்று அதட்டிக்கொண்டே வேலையைப் பார்ப்பேன். அந்த அதட்டலில் எனக்கு ஒரு சுகம் இருந்தது.

அதுவே வினையாகவும் முடிந்தது. வயிறு எரிய ஆரம்பித்து வருஷக்கணக்காக எரிந்தது. வெள்ளை மருந்தைக் குடித்துக் குடித்துச் சமாளித்தேன். ஒருநாள் வாந்தியில் ரத்தம் வந்தது. பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அல்சர் முற்றிவிட்டது, ஆபரேஷன்தான் என்றார்கள். டாக்டர் சொன்ன ஹிந்தி எனக்குப் பாதிதான் புரிந்தது. ஆபரேஷன் முடிந்து கண் விழித்த பிறகு மலையாள நர்ஸ் ஒருத்திதான் கையைக் குவித்துக் காட்டி எனக்குப் புரியவைத்தாள்.

"வயிறு பாதிக்கு மேல எடுத்தாச்சு சேச்சி. இனிமே இத்தனைதான். ஒரு சின்னக் கிண்ணம். மெதுவா, மெதுவா சாப்பிடணும்."

அவள் குவித்த உள்ளங்கையைப் பார்த்தேன். அதில் என் ஒரு வாய்ச் சோறு கூட அடங்காது போல இருந்தது.

வீட்டுக்கு வந்தபோது சட்டங்களும் கூடவே வந்தன. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை, ஒரு கிண்ணம். சாப்பாட்டோடு தண்ணீர் குடிக்கக் கூடாது. இனிப்பு ஆகாது, காரம் இப்போதைக்கு வேண்டாம். சாப்பிட்டதும் சற்றுப் படுக்க வேண்டும். என் வீட்டுக்காரர் பாத்திரக் கடைக்குப் போய் ஒரு சிறிய எவர்சில்வர் கட்டோரி வாங்கிவந்தார். நம் ஊரில் பால்குடிப் பிள்ளைக்குப் பருப்பு பிசைந்து ஊட்டுவோமே, அந்த அளவுக் கிண்ணம். அதை மேஜையில் வைத்து, ஆபீஸ் ஆர்டர் போலச் சொன்னார்: "இனிமே இதுதான் ஒனக்கு."

சட்டம் எல்லாம் சரி. ஆனால் என்னால் மற்றவர்களுக்கு முன்னால் சாப்பிட முடியவில்லை. புருஷன் இன்னும் குளிக்கவில்லை, மகள் பள்ளிக்கூடத்திலிருந்து வரவில்லை, நான் மட்டும் எப்படி உட்கார்ந்து விழுங்குவது? அவர் ஆபீசுக்குப் போனதும் கட்டோரியைக் கவிழ்த்து வைத்துவிட்டு வேலையைப் பார்க்க ஆரம்பித்துவிடுவேன். சாயங்காலம் அவர் கேட்டால் சாப்பிட்டாயிற்று என்று தலையாட்டுவேன்.

அப்படி இருக்கும்போது ஊரிலிருந்து அவருடைய ஒன்றுவிட்ட அண்ணனும் அண்ணியும் ஆக்ரா பார்க்க வந்தார்கள். டில்லியில் குவார்ட்டர்ஸ் இருந்தால் வருஷத்துக்கு நாலு குடும்பமாவது ஆக்ரா பார்க்க வரும். அண்ணி ஒரு பொட்டலம் கருவாடு கொண்டுவந்திருந்தார். என் உடம்புக்கு ஆகாது என்று அவருக்குத் தெரியாது. நானும் சொல்லவில்லை. மண்சட்டியில் கருவாட்டுக் குழம்பு வைத்தேன். என் சமையலில் காரம் சேர்ந்து அதற்குள் பல வாரம் ஆகியிருந்தது. எல்லோரும் சப்புக்கொட்டிச் சாப்பிட்டார்கள். அண்ணி, "நீயும் ஒக்காரு தாயி" என்றார். "நான் அப்புறமா சாப்பிட்டுக்கிறேன்" என்றேன். பழக்கம்.

எல்லோரும் மலை மந்திர் முருகன் கோயிலுக்குச் சாமி கும்பிடப் போனார்கள். நான் அடுப்படியில் உட்கார்ந்து, சட்டியில் சோற்றைப் போட்டேன். கட்டோரி மேஜையில் இருந்தது. சட்டிக்கு ஏது அளவு? பழைய வேகத்தில் நாலைந்து வாய் அள்ளிப் போட்டேன். ருசித்ததா என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை. சற்று நேரத்தில் நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது. முதுகெல்லாம் வேர்த்துக் கொட்டியது. எழுந்திருக்கப் பார்த்தேன், கண் இருட்டியது. கோயிலிலிருந்து திரும்பிய மகள்தான் முதலில் பார்த்துக் கத்தினாள்.

என் வீட்டுக்காரர் ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. விருந்தாளிகள் ஊருக்குப் போன மறுநாள் மண்சட்டியைக் கழுவித் துடைத்துக் காகிதத்தில் சுற்றி, ஸ்டூலைப் போட்டு ஏறி, பரணின் கடைசியில் வைத்தார். மிச்சக் கருவாட்டை ஒரு டப்பாவில் போட்டு அதற்குப் பக்கத்தில் வைத்தார். பிறகு இறங்கி, "இனிமே நீ சாப்பிட்டாத்தான் நாங்க சாப்பிடுவோம்" என்றார்.

சொன்னபடியே செய்தார்கள். நான் மேஜையில் உட்கார்ந்து கட்டோரியிலிருந்து குழைந்த சோற்றைத் தின்ன, இரண்டு பேரும் எதிரே காலித் தட்டோடு உட்கார்ந்திருப்பார்கள். மகள் கடிகாரத்துக்குப் பொறுப்பு. "அம்மா, டைம் ஹோ கயா! ஜல்தி!" என்பாள். அடுத்த நிமிஷமே, "ஜல்தி இல்ல, மெதுவா" என்று திருத்திக்கொள்வாள். என் வாய் அசைவதை இரண்டு பேரும் பார்த்துக்கொண்டிருப்பார்கள். கூச்சம் பிடுங்கித் தின்னும். வீட்டில் ஒரே சமையல் என்று நானே முடிவு செய்ததால் அவர்களுக்கும் காரமில்லாத கூட்டு, மிளகு ரசம், தயிர்ச்சோறு. மாதக்கணக்கில் அதையே தின்றார்கள். ஒருநாளும் முணுமுணுக்கவில்லை.

இவ்வளவும் பொறுத்துக்கொண்டேன். பொறுக்க முடியாதது ஒன்றுதான்: பசி வரவில்லை. மணி அடித்தால் சாப்பிட்டேன், அடுத்த மணிக்கு மறுபடி சாப்பிட்டேன். நடுவில் வயிறு வாய் திறக்கவில்லை. பதினொரு மணிக்கு அடுப்படியில் நின்று காது கொடுப்பேன். முனகல் இல்லை. இரண்டு மணிக்குச் சண்டை இல்லை. அதட்ட ஆள் இல்லாமல் வீடு வெறிச்சென்று கிடந்தது. கன்னம் ஒட்டி, ரவிக்கைகளை மறுபடி பிடித்துத் தைத்தேன். பார்க்கிற பெண்கள் எல்லாம், "அடேயப்பா, எப்படி இளைச்சீங்க?" என்று பொறாமைப்பட்டார்கள். எனக்கு அவர்கள் பசிமேல் பொறாமை. சாயங்காலம் பஸ்ஸிலிருந்து இறங்கி, பசி தாங்காமல் நின்றபடியே சமோசாவைக் கடிக்கிறவர்களைப் பார்த்தால் நானும் அங்கேயே நின்றுவிடுவேன். சமோசா வேண்டாம், அந்த அவசரம் வேண்டும்.

மலை மந்திரில் போய் நின்றேன். பக்கத்தில் ஒருவர் மகனுக்கு வேலை கேட்டு வாய்விட்டு வேண்டிக்கொண்டிருந்தார். நான், "முருகா, எனக்குப் பசியைக் குடு" என்று கேட்டேன். அந்த ஆள் ஒரு மாதிரியாகத் திரும்பிப் பார்த்தார்.

மாடி வீட்டுப் பஞ்சாபிக்காரி எனக்கு நல்ல சிநேகிதி. கடுகுக் கீரை, மக்காச்சோள ரொட்டி என்று ஏதாவது கொண்டுவருவாள். நான் ஓர் ஓரத்தைக் கிள்ளித் தின்பதைப் பார்த்து, "பஸ், இத்னா ஸா?" இவ்வளவுதானா என்று மூஞ்சியைத் தூக்கிவைத்துக்கொள்வாள். விஷயத்தைச் சொன்னபோது அவள் கையை வீசினாள். "சர்தி ஆனே தோ, பெஹன்ஜி." குளிர் வரட்டும், டில்லிக் குளிரில் கல்லுக்குக் கூடப் பசிக்கும் என்றாள். நான் அதைப் பிடித்துக்கொண்டு குளிருக்காகக் காத்திருந்தேன்.

குளிர் வந்தது. பஞ்சு அடைத்த ரஜாய்ப் போர்வைகள் வெளியே வந்தன. வேர்க்கடலை வண்டிகளும் சர்க்கரைவள்ளி சுடுகிற வண்டிகளும் வந்தன. ஊரே எதையாவது மென்றுகொண்டிருந்தது. என் வயிறு மட்டும் வாயைத் திறக்கவில்லை. இனிப் பசி வராது என்று ஒருவழியாக மனதைத் தேற்றிக்கொண்டேன். தேறவில்லை என்பது வேறு விஷயம்.

ஜனவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. பன்னிரண்டு மணிக் கட்டோரியை முடித்துவிட்டுக் கீழே புல்வெளியில் வெயில் காய்ந்துகொண்டிருந்தேன். பஞ்சாபிக்காரி கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து பட்டாணி உரித்துக்கொண்டிருந்தாள். நானும் கை கொடுத்தேன். என் வீட்டுக்காரருக்கும் மகளுக்கும் சாப்பாடு மேலே எடுத்து வைத்திருந்தேன். காற்று திரும்பியதும் அவள் துப்பட்டாவால் மூக்கைப் பொத்திக்கொண்டு, எங்கள் அடுப்படி ஜன்னலை அண்ணாந்து பார்த்தாள். எனக்கும் வாசம் வந்தது. கருவாடு.

படியேறி வீட்டுக்குள் போனேன். மகளைக் காணோம், விளையாடப் போயிருந்தாள். அடுப்படியில் என் சுவரில் சாய்ந்து, என்னைப் போலவே காலை நீட்டிக்கொண்டு என் வீட்டுக்காரர் உட்கார்ந்திருந்தார். மடியில், பரணிலிருந்து இறக்கி அவரே குழம்பு வைத்த மண்சட்டி. விரலைப் போட்டு வழித்துக்கொண்டிருந்தார்.

என்னைப் பார்த்ததும் பீடி பிடித்து மாட்டிக்கொண்டவர் போல விழித்தார். "ஒனக்கு வாசம் வரக் கூடாதுன்னுதான் ஜன்னலத் தொறந்து வச்சேன்."

"குவார்ட்டர்ஸ் பூரா மணக்குது! அது என் சட்டி. நீங்க தட்டுல சாப்பிட வேண்டியதுதானே?"

"தட்டுலயும் சாப்பிட்டேன். அப்பறம் நீ இத எப்பவும் மடியில வச்சிருப்பியே, அதுல என்னதான் இருக்குன்னு பாக்கலாம்னு..." சட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "இத்தன வருசமா எங்களுக்குக் கொழம்ப ஊத்திட்டு, நீ இதையா தின்னுட்டு இருந்த? ஒரு வார்த்த சொன்னியா?"

அவர் முகத்தில் நிஜமான கோபம். ஏமாற்றப்பட்ட ஆளின் கோபம். எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. சிரித்துக்கொண்டே சுவரைப் பிடித்தேன். வாயில் எச்சில் ஊறியது. அடிவயிற்றில் ஏதோ முனகியது. சிரிப்பை நிறுத்திவிட்டு அப்படியே நின்றேன். மறுபடி முனகியது.

"எனக்குப் பசிக்குதுங்க" என்றேன்.

அவர் முதலில் கடிகாரத்தைப் பார்த்தார். "இன்னும் நேரம் ஆகலயே." பிறகுதான் நான் சொன்னது அவருக்குள் இறங்கியது. "என்ன சொன்ன?"

"பசிக்குது."

அவர் நகர்ந்து இடம் விட்டார். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். சட்டியை என்னிடம் தரவில்லை, அந்த மட்டும் உஷார். சட்டியின் அடியிலிருந்து கொஞ்சம் சோற்றை வழித்தெடுத்து, சுண்டைக்காய் அளவுக்கு ஓர் உருண்டை பிடித்து என் உள்ளங்கையில் வைத்தார். "மெதுவா." மென்றேன். உப்பு கூடுதல், புளி போதாது, மசாலா நன்றாகவே தீய்ந்திருந்தது. இன்னொன்று வைத்தார். அதையும் மென்றேன். கண்ணீர் வழிந்து வாய்க்குள் போனது. துடைக்கவில்லை.

மூன்றாவதுக்குக் கை நீட்டினேன். "போதும்" என்றார். "இன்னும் ரெண்டு மணி நேரம் போகட்டும்."

போதவில்லை. வயிறு இன்னும் கேட்டது. இரு இரு என்று அதை அதட்டினேன். அங்கேயே, அந்தச் சுவரில் சாய்ந்து, காலை நீட்டிக்கொண்டு, இரண்டு மணி நேரமும் பசியோடு உட்கார்ந்திருந்தேன். அவ்வளவு சந்தோஷமாக நான் அதற்கு முன்னும் பின்னும் எதற்கும் காத்திருந்ததில்லை.