வலது மூலையில் ஒரு 'கு'

பேனா மூடியைக் கழற்றிப் பின்பக்கம் செருகிக்கொண்டு, கருத்துப் பாரத்தின் முதல் கேள்வியை விரல் வைத்துப் படிக்கிறார் குணவதி. 'பயிற்சி நடந்த இடம் வசதியாக இருந்ததா?' உடனே பதில் எழுதவில்லை. எழுந்து போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்து, அங்கிருந்து திரை தெரிகிறதா என்று பார்க்கிறார். திரும்பி வந்து மூன்றுக்கு வட்டம் போடுகிறார். அதற்குள் மற்றவர்கள் எல்லாக் கேள்விக்கும் ஐந்து, ஐந்து என்று போட்டுக் கொடுத்துவிட்டு மீகூன் நூடுல்ஸ் தட்டோடு நிற்கிறார்கள்.

அந்தப் பாரங்களைக் கூட்டிக் கழித்து அறிக்கை எழுதுவது என் பொறுப்பு. பயிற்சியை நடத்தியவளும் நான்தான். 'சுகாதாரக் கல்விக்கான திறந்த வளங்கள்' என்று பெயர் வைத்திருந்தோம். பெயர்தான் பெரிது, விஷயம் எளிது. நோயாளிகளுக்கு உதவும் துண்டறிக்கை, படம், காணொளி என்று பலர் உருவாக்கி, 'யாரும் எடுத்துக்கொள்ளலாம், மாற்றிக்கொள்ளலாம்' என்று இணையத்தில் விட்டு வைத்திருக்கிறார்கள். அவற்றைத் தேடி எடுத்து நம் ஊருக்கு ஏற்றபடி திருத்துவது எப்படி என்று எங்கள் தீவின் தலைநகர் ஜார்ஜ் டவுனில் இரண்டு நாள் சொல்லித் தந்தோம்.

வந்தவர்கள் முப்பத்திரண்டு பேர். முப்பத்தொரு பாரம் எங்களைத் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடியது. ஒன்று மட்டும் மூன்று, மூன்று, நான்கு, இரண்டு என்று போனது. நான்கு சாப்பாட்டுக்கு. இரண்டு எனக்கு. பக்கத்தில் காரணமும் இருந்தது: 'டீச்சர் வேகமாகப் பேசுகிறார். கேள்வி கேட்டால் சிரிக்கிறார்.' கடைசிக் கேள்வியில் வட்டமே இல்லை. 'இங்கே கற்றதைப் பணியிடத்தில் பயன்படுத்துவேன்' என்ற வரிக்கு எதிரே ஐந்து எண்களும் தொடாமல் கிடந்தன. ஒரு கட்டம் காலியாக இருந்தால் எங்கள் கணினி கணக்கை முடிக்காது.

பாரத்தில் பெயர் எழுத வேண்டாம் என்று சொல்லியிருந்தோம். எழுதவும் இல்லை. ஆனால் வலது மூலையில் பொடி எழுத்தில் ஒரு 'கு', அதன் கீழே 4.25 என்று நேரம். பங்கேற்பாளர் பட்டியலில் 'கு'வில் தொடங்கும் பெயர் ஒன்றுதான். மறுவாரம் பாரத்தைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினேன். கொஞ்சம் கோபமாகத்தான் போனேன், மறைப்பானேன்.

டத்தோ கெராமாட் சாலையில் ஒரு கடைவீட்டின் கீழ்த்தளத்தில் இருக்கிறது அவர் இப்போது வேலை பார்க்கும் டயாலிசிஸ் மையம். முன்மேசையில் குணவதி. வயது ஐம்பத்தேழு. பாயான் பாரு மின்னணுத் தொழிற்சாலையில் இருபத்தொன்பது வருடம் தரப் பரிசோதகராக, அவர் பாஷையில் 'கியூசி'யாக, இருந்து, நுண்ணோக்கியில் சில்லுகளைப் பார்த்துப் பார்த்தே ஓய்வு பெற்றவர். இன்றும் எதைப் பார்த்தாலும் இடது கண் தானாகச் சுருங்குகிறது. நாசி லெமாக் சோற்றுப் பொட்டலத்தைக்கூட நாலு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் பிரிக்கிறார். அவர் கையைத் தாண்டிப் போகிற எதிலும் மூலையில் ஒரு 'கு'வும் நேரமும் இருக்கும். நோயாளி அட்டை, தண்ணீர் வடிகட்டிப் பதிவேடு, பின்கட்டில் இருக்கும் மைலோ டின், எதுவும் தப்பாது.

"கு போட்டா நான் பாத்துட்டேன்னு அர்த்தம் டீச்சர். கெட்டுப்போனா என்னைய வந்து கேக்கலாம்லா."

ஏன் எதற்கும் ஐந்து போடவில்லை என்று கேட்டேன். சிரிக்காமல்தான் கேட்டேன்.

"அஞ்சுன்னா அதுக்கு மேல ஒண்ணுமில்லன்னு ஆயிடும். நீங்க அடுத்த மாசமும் கிளாஸ் எடுக்கணும்ல."

"சரிக்கா. இந்தக் கடைசிக் கேள்வி?"

"அத இன்னும் செய்யலயே. செய்யாததுக்கு எப்படி நம்பர் போடுறது?"

"உத்தேசமா ஒண்ணு போடுங்களேன்."

"உத்தேசமா போட்டா அது கியூசி இல்ல." பேச்சு முடிந்தது என்பதுபோல் மேசை இழுப்பறையைத் திறந்தார். உள்ளே கட்டுக் கட்டாகத் துண்டறிக்கைகள், ஒவ்வொரு கட்டின் மேலும் சிவப்பு ஒட்டு. சிறுநீரக நோயாளிகள் எதைச் சாப்பிடலாம், எதைச் சாப்பிடக் கூடாது என்று யாரோ எங்கோ நல்ல தமிழில் எழுதி எல்லாருக்குமாக விட்டது. மையத்தில் அதை இணையத்திலிருந்து இறக்கி அச்சடித்திருந்தார்கள். ஏழாவது வரியில் விரலை வைத்தார் குணவதி. 'விண்மீன் பழம் உண்ணக் கூடாது.'

"இது என்னா பழம்னு எனக்குத் தெரியாது டீச்சர். கேக்க வெக்கம். அச்சடிச்சு வந்ததுதானேன்னு கு போடாமயே எடுத்து எல்லாருக்கும் குடுத்துட்டேன்."

நாலாம் நாற்காலியில் கையில் ஊசியோடு சாய்ந்திருந்தவர் தலையைத் திருப்பினார். தங்கராஜு, பிறை என்ற ஊரில் முப்பது வருடம் லாரி ஓட்டியவர். செவ்வாய், வியாழன், சனி அவருடைய முறை. மீதிக் கதையை அவரே சொன்னார்.

"தைப்பூசத்துக்குப் பால்குட வெரதம். பேப்பர எடுத்துப் படிச்சேன். என்னமோ மீன்னு போட்டிருந்துச்சு. நான்தான் மீன் பக்கமே போறதில்லையே, இது நமக்கில்லன்னு விட்டுட்டேன். ராத்திரி சோறு கெடையாது, பழம்தான். வீட்டுக்குப் பின்னால பிலிம்பிங் மரம் காச்சுக் கெடக்கு. வெட்டி, புளிப்பா அசாம் தூளு போட்டு, மூணு நாளு தின்னேன்."

வெட்டினால் ஐந்து முனையாக வருமே, அந்தப் பிலிம்பிங்தான் விண்மீன் பழம். நல்ல சிறுநீரகம் அதிலுள்ள நஞ்சை வெளியேற்றிவிடும். கெட்டுப்போன சிறுநீரகத்தால் முடியாது. நாலாம் நாள் காலை தங்கராஜுவுக்கு விக்கல் பிடித்தது. நிற்கவே இல்லை. பிறகு பேச்சு குழறியது. மருத்துவமனையில் பதினாறு நாள் கிடந்து பிழைத்து வந்தார்.

"பொண்டாட்டி பேரே மறந்துபோச்சு டீச்சர். பொழச்சு வந்ததும் அதுக்குத்தான் நல்லா வாங்கிக் கட்டிக்கிட்டேன்" என்று சொல்லிவிட்டு அவர் சிரித்தார். குணவதி சிரிக்கவில்லை.

"ஃபேக்டரி இருபத்தொம்பது வருசத்தையும் சேத்து, நான் பாக்காம வெளிய விட்ட ஒரே சரக்கு லாட்டு இதுதான்" என்றார். "அதுக்குத்தான் ஒங்க கிளாஸுக்கே வந்தேன்."

எனக்கு அப்போதுதான் குணவதி வகுப்பில் கேட்ட கேள்வி ஞாபகம் வந்தது. இரண்டாம் நாள் மதியம் பின்வரிசையில் எழுந்து நின்று கேட்டார்: "ஓப்பன்னா நம்ம ஓப்பன் ஹவுஸ் மாதிரியா டீச்சர்? தீபாவளிக்கு யார் வீட்டுக்கும் போலாம், சாப்பிடலாம். ஆனா அவங்க சமையக்கட்டுல போயி உப்புப் போடலாமா?" மண்டபமே சிரித்தது. நானும் சிரித்தேன். "போடலாம்க்கா" என்று சொல்லிவிட்டு அடுத்த படத்துக்குப் போய்விட்டேன். அவர் விளையாட்டுக்குக் கேட்கவில்லை என்பது எனக்கு உறைக்கவே இல்லை. இரண்டு மதிப்பெண் எனக்குத் தாராளம்.

"ஃபேக்டரில தப்பக் கண்டா செவப்பு ஒட்டித் தள்ளி வெச்சிருவோம். நாங்க கைய வெச்சுச் சரிபண்ணக் கூடாது. அது வேற டிபார்ட்மெண்டு" என்றார் குணவதி. "இப்பப் பாருங்க, தமிழ் படிக்கிற பேசண்டு இருவது பேரு. இதத் தள்ளி வெச்சுட்டேன், அவங்க கையில ஒண்ணுமே இல்ல. இன்னும் யார் வீட்டுல மரம் நிக்குதோ."

நாற்காலியை இழுத்துப் போட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். துண்டறிக்கையின் அடியில் பொடி எழுத்தில் இருந்த அனுமதியை வரி வரியாகப் படித்துக் காட்டினேன், இந்தத் தடவை மெதுவாக. எடுக்கலாம். மாற்றலாம். முதலில் செய்தவர் பெயரைச் சொல்லிவிட்டு, நாம் எதை மாற்றினோம் என்று எழுதினால் போதும். உள்ளே போய் உப்புப் போடுங்கள் என்று வீட்டுக்காரரே எழுதிக் கொடுத்திருக்கிறார். குணவதி என்னை இன்னொரு முறை சொல்லச் சொன்னார். சொன்னேன். பிறகு கணினியைத் தன் பக்கம் திருப்பி, 'விண்மீன்' என்ற சொல்லை அழித்தார். ஒற்றை விரலால் பி, லி, ம், பி, ங் என்று தேடித் தேடித் தட்டினார்.

மையப் பொறுப்பாளர் சிஸ்டர் ரொஸ்னா வந்து, மூக்குக் கண்ணாடியை இறக்கி முழுசும் படித்தார். "இதுக்குக் கீழ, விக்கல் நிக்கலன்னா ஒடனே எங்களக் கூப்பிடுங்கன்னு ஒரு வரி சேத்துக்குங்கக்கா" என்றார். குணவதி சேர்த்தார். ஒரே ஒரு பிரதி அச்சடித்தார். எல்லாம் முடிந்தது என்று நான் பையை எடுத்தேன்.

"இருங்க" என்று குணவதி தாளை எடுத்துக்கொண்டு நாலாம் நாற்காலிக்குப் போனார். தங்கராஜு கையை அசைக்கக் கூடாது. அதனால் தாளை அவர் முகத்துக்கு நேரே தானே பிடித்துக்கொண்டார்.

"சத்தமா படிங்கண்ணே. எது புரியலன்னாலும் நிறுத்துங்க."

அவர் எழுத்துக் கூட்டிப் படித்தார். ஒன்று, இரண்டு, மூன்று. ஏழாவது வரியில் நின்றார்.

"பிலிம்பிங்கா?" என்றார் தங்கராஜு. "அட, நம்ம வீட்டு மரம்லா. இத மொதல்லயே போட்டிருக்கக் கூடாதா தங்கச்சி?"

"போட்டிருக்கணும்ணே" என்றார் குணவதி.

தங்கராஜு மிச்சத்தையும் படித்து முடிக்கும்வரை குணவதி தாளை இறக்காமல் பிடித்திருந்தார். பிறகு மேசைக்கு வந்து, பேனா மூடியைக் கழற்றிப் பின்பக்கம் செருகினார். இடது கண்ணைச் சுருக்கித் தாளை மேலிருந்து கீழாக ஒரு முறை பார்த்தார். வலது மூலையில் 'கு' என்று எழுதினார். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து 11.10 என்று போட்டார்.

மூடியை இன்னும் மாட்டவில்லை. என் பக்கம் கையை நீட்டினார்.

"அந்தப் பாரத்தக் குடுங்க டீச்சர்."