சோறுண்ணப் போனால் உறையும் கணினி

இந்த ஜெர்மானிய ஊரில் கணினி உறைந்து நின்றால் யாரும் அதைத் திட்டுவதில்லை. கூட்டம் போடுகிறார்கள். ஐ.சி.யூ. வாசலில் நிற்கும் சொந்தக்காரர்களைப் போலத் தாழ்ந்த குரலில் பேசிக்கொள்கிறார்கள்.

எங்கள் சோதனைக் கணினிகள் அப்படி அடிக்கடி உறைந்தன. நிற்பதற்கு முன் அவை பதிந்த கடைசி வரி எப்போதும் நினைவக மேலாண்மை பற்றியது. அந்த நிரலை எழுதியவள் நான். என் பணி ஒப்பந்தம் நீளுமா என்பதும் அந்த மாதம்தான் முடிவாக வேண்டும். "யாரையும் குறை சொல்லவில்லை" என்றார் மேலாளர் மார்ட்டின். ஆளைக் கண்டுபிடித்துவிட்டோம் என்பதே அதற்கு இங்கே பொருள் என்று தாமதமாகத்தான் விளங்கியது. மூன்று வாரம் வரிவரியாகத் தேடினேன். பிழை அகப்படவில்லை.

ஞாயிறன்று எங்கள் ஊர் சங்ககிரியிலிருந்து அண்ணன் கூப்பிட்டார். லாரி புக்கிங் ஆபீஸ் வைத்திருக்கிறார்.

"ஏஞ்சாமி, ஆபீஸ் கம்ப்யூட்டரு நின்னு நின்னு போவுது. மெமரி போச்சுன்னு ரெண்டு வாட்டி மாத்தியாச்சு."

"வேலை ஜாஸ்தியா இருக்கறப்பங்களாண்ணா?"

"அதெல்லாம் இல்ல. லாரி வரிசை கட்டி நிக்கறப்ப ஜம்முனு ஓடுது. சோறுண்ண ஊட்டுக்குப் போயிட்டு வந்தாத்தான் செத்துக் கெடக்குது. சும்மா உட்டா தூங்கிப்போவுது, எழுப்புனா எந்திரிக்கறதில்ல."

எனக்குப் பொறிதட்டியது. வேலையில்லாத நேரத்தில் பிராசஸர் மின்சாரம் மிச்சம் பிடிக்க ஆழ்ந்து உறங்கும். நினைவகத்தை என் நிரல் ஒழுங்குபடுத்துவதும் அதே நேரத்தில்தான். உறங்கிய பிராசஸர் விழிக்காமல் போக, பக்கத்தில் நின்ற என் நிரல் மாட்டிக்கொண்டிருக்கிறது!

வீடியோவில் வழிசொல்லி, அண்ணன் கணினியின் அந்த ஆழ்ந்த உறக்கத்தை மட்டும் நிறுத்த வைத்தேன். ஒரு வாரம் நிற்காமல் ஓடியது. எங்கள் கணினிகளில் பாதிக்கு அதையே செய்தேன். அந்தப் பாதி ஓடியது. மறுபாதி வழக்கம்போல் உறைந்தது.

"எப்படிப் பிடித்தீர்கள்?" என்றார் மார்ட்டின்.

"அண்ணன் சொன்னார்."

"அவர் எங்கே வேலை செய்கிறார்?"

"லாரி."

அதைக் கம்பெனியின் பெயர் என்று நினைத்துக் கவனமாகக் குறித்துக்கொண்டார். அறிக்கையில் இப்படி வந்தது: 'ஆலோசனை உதவி: லாரி நிறுவனம், இந்தியா.' என் ஒப்பந்தம் இரண்டு வருடம் நீண்டது.

"ரெண்டு வருசமா?" என்றார் அண்ணன் போனில். "அப்ப பொங்கலுக்கு வர மாட்டியா அம்மிணி?"

"வாரேனுங்ணா."

உடனே விமான டிக்கெட் தேடினேன். 'திரும்பும் நாள்' என்ற கட்டத்தில், ஊர் திரும்பும் நாள்தானே என்று, யோசிக்காமல், சங்ககிரிக்குக் கிளம்பும் நாளையே அடித்துவிட்டேன். புறப்படும் நாளும் திரும்பும் நாளும் ஒன்றாக இருக்கிறதே, சரிபார்க்கவும் என்றது இணையதளம்.